சிகாகோ பேர்ஸ்: மூன்று குவாட்டர்பேக், ஒரே தப்பு

2024 நவம்பர் 28, தேங்க்ஸ்கிவிங் விடுமுறை நாள். டெட்ராய்ட்டின் ஃபோர்டு ஃபீல்டில், என்.எஃப்.எல். லீக்கில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் சிகாகோ பேர்ஸ் அணி 20-23 என்று மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. இடைவேளையில் 0-16. அங்கிருந்து முதல் வருஷப் பையன் கேலப் வில்லியம்ஸ் மூன்று டச் டவுன் பாஸ் போட்டு (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்தால் டச் டவுன்) அணியைத் தூக்கி நிறுத்தியிருந்தார். அவர்தான் குவாட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி ஒவ்வொரு நகர்வையும் நடத்துபவர். பந்து பேர்ஸ் கையில், எதிரணியின் பாதி மைதானத்தில் இருந்தது. கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோல் ஒன்று அடித்தால், அந்த மூன்று புள்ளியில் சமன். கடிகாரத்தை நிறுத்த, கையில் ஒரு டைம் அவுட்டும் மிச்சம்.

அப்போது வில்லியம்ஸைப் பிடித்துக் கீழே சாய்த்தார்கள். இதற்குப் பெயர் சாக். பந்து டெட்ராய்ட்டின் 41-வது யார்டுக்குப் பின்வாங்கியது. கடிகாரத்தில் 30 சொச்சம் விநாடி, அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதோ டைம் அவுட் கேட்கப்போகிறார்கள் என்று பார்த்தால் யாரும் கேட்கவில்லை. வீரர்கள் எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். வில்லியம்ஸ் ஏதோ சைகை காட்டினார். பந்து அவர் கைக்கு வந்தபோது மிச்சம் ஆறு விநாடி. நீளமாக ஒன்று வீசினார், அது தரையில் விழுந்தது, ஆட்டம் முடிந்தது. டைம் அவுட் செலவாகாமல் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை தலைமைப் பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளூஸ் நிருபர்களிடம் அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். சில மணி நேரத்தில் அவர் வேலை போய்விட்டது. 1920-இல் தொடங்கிய அந்த கிளப்பின் வரலாற்றில் சீசன் நடுவே ஒரு தலைமைப் பயிற்சியாளரை அனுப்பியது அதுதான் முதல் தடவை.

பேர்ஸ் ரசிகனாக இருப்பவனுக்கு இந்தக் கதையில் கோபம் வர ஆயிரம் இடம் உண்டு. எனக்குக் கோபம் அந்த 30 விநாடி மேல் இல்லை. அது பத்து மாதம் முன்பே, 2024 ஜனவரியில் எடுத்த ஒரு முடிவின் விளைவு. சொல்லப்போனால் 2017-லும் 2021-லும் எடுத்த அதே முடிவு. பயிற்சியாளர் யார், குவாட்டர்பேக் யார் என்பதை இரண்டு தனித்தனிக் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். அது ஒரே கேள்வி. ஏன் என்று சொல்ல, அந்த இரண்டு பேரும் ஆட்டத்தின்போது எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு நகர்வும் முன்கூட்டியே திட்டமிட்டது. 11 பேரும் எங்கே நிற்பது, யார் யாரைத் தடுப்பது, யார் எத்தனை அடி ஓடி எந்தப் பக்கம் திரும்புவது என்று ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் ஒரு சொல் இல்லை, சில சமயம் பதினைந்து சொல் கொண்ட ஒரு வாக்கியம். பயிற்சியாளர் அதைச் சொல்ல, குவாட்டர்பேக் தன் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கேட்பார். 1994-இல் வந்த ஏற்பாடு இது. அந்த ஹெல்மெட்டின் பின்னால் ஒரு பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். ஒரு நகர்வு முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடி அவகாசம். அதில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது ஸ்பீக்கர் தானாக அணைந்துவிடும். அதற்குள் பயிற்சியாளர் வாக்கியத்தைச் சொல்லி, குவாட்டர்பேக் அதைக் காதில் வாங்கி, மற்ற பத்துப் பேருக்கும் வாய்விட்டு ஒப்பித்து, எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, எதிரணி நிற்கும் நிலையைப் பார்த்து, தேவைப்பட்டால் திட்டத்தையே மாற்ற வேண்டும். கடைசி 15 விநாடி அவர் தனி ஆள். 80,000 பேர் கத்தும் மைதானத்தில்.

இந்த வாக்கியங்கள் எல்லா அணிக்கும் பொதுவானவை இல்லை. பில் வால்ஷ் வழிவந்த பயிற்சியாளர்கள் ஓட்டப் பாதைகளைச் சொற்களால் அழைப்பார்கள். டான் கோரியல் வழியில் வந்தவர்கள் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எண்ணாகச் சொல்வார்கள். ஒரே ஓட்டத்துக்கு ஓர் ஊரில் ஒரு பெயர், இன்னோர் ஊரில் வேறு பெயர். பயிற்சியாளர் மாறினால் மொழியே மாறுகிறது என்று அர்த்தம். கல்லூரியிலிருந்து வரும் 22 வயதுப் பையன் ஒரு மொழியைத் திக்கித் திணறிப் படித்துக்கொண்டிருக்கும்போது, வருஷக் கடைசியில் ஆசிரியரை மாற்றிப் புது அரிச்சுவடியைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? அவன் யோசித்துக்கொண்டு நிற்பான். இந்த ஆட்டத்தில் யோசித்துக்கொண்டு நிற்பவனை 120 கிலோ ஆள் ஒருவன் வந்து சாய்த்துவிடுவான்.

மொழி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் காசு. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில், போன வருஷம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 2010-இல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருஷத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடி உத்தரவாதம். அடுத்த வருஷம் புது ஊதிய முறை வந்தது. 2011-இன் முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கு 2.2 கோடிதான். இந்த ஒரு மாற்றம் லீக்கின் கணக்கையே புரட்டிப் போட்டது. ஓர் அணி மொத்த வீரர்களுக்கும் செலவழிக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2024-இல் அது 25.54 கோடி டாலர். அந்த வருஷம் டாலஸின் டாக் பிரெஸ்காட் வருஷத்துக்குச் சராசரி 6 கோடி டாலர் என்று கையெழுத்துப் போட்டார். ஒரே ஆள், கிட்டத்தட்ட கால்வாசி. அதே வருஷம் வில்லியம்ஸுக்கு நாலு வருஷமும் சேர்த்தே 4 கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவு.

ஆக, நல்ல குவாட்டர்பேக் ஒருவர் சின்னச் சம்பளத்தில் இருக்கும் நாலைந்து வருஷம்தான் அணிக்குப் பொற்காலம். மிச்சக் காசில் தடுப்பாட்டக்காரர்களை வாங்கலாம், பந்து பிடிப்பவர்களை வாங்கலாம். டிராஃப்ட் மேடையில் அவர் அணித் தொப்பியைப் போட்ட நிமிஷம் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. முதல் வருஷத்தைப் போகப்போகிற பயிற்சியாளரோடு கழித்து, இரண்டாம் வருஷம் புது மொழி படித்து, மூன்றாம் வருஷம் தேறினால் மிச்சம் என்ன இருக்கிறது?

இனி பேர்ஸ் கதை.

2017-இல் தலைமைப் பயிற்சியாளர் ஜான் ஃபாக்ஸ். அதற்கு முந்தைய இரண்டு சீசனில் 6-10, 3-13 (முதல் எண் வெற்றி, அடுத்தது தோல்வி). தடுப்பாட்டத்தில் ஊறிய, ரிஸ்க் எடுக்க விரும்பாத மனுஷன். அவர் அடுத்த வருஷம் இருக்கமாட்டார் என்பது சிகாகோவில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஜெனரல் மேனேஜர் ரயன் பேஸ் அந்த மார்ச்சில் மைக் கிளெனன் என்ற குவாட்டர்பேக்கோடு மூன்று வருஷத்துக்கு 4.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். ஏப்ரலில் என்ன செய்தார் தெரியுமா? மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு, வெறும் ஒரே இடம் முன்னால் போக, மூன்று டிராஃப்ட் வாய்ப்புகளைக் கூடுதலாகக் கொடுத்து மிட்ச் ட்ருபிஸ்கியை எடுத்தார். கல்லூரியில் 13 ஆட்டம்தான் தொடக்க வீரராக ஆடியவர். பத்தாம் இடத்தில் கான்சஸ் சிட்டி, பின்னாளில் லீக்கின் தலைசிறந்த குவாட்டர்பேக்காக ஆன பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது.

மஹோம்ஸை விட்டதைச் சொல்லிச் சொல்லி அழுவது சிகாகோவில் ஒரு சடங்கு. நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். மஹோம்ஸ் முதல் வருஷம் கிட்டத்தட்ட முழுக்க மூத்த குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து, தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீடிடம் பாடம் படித்தார். ரீட் எங்கேயும் போகப்போவதில்லை. அந்தப் பையன் சிகாகோவுக்கு வந்திருந்தால் ஜான் ஃபாக்ஸின் கையில் ஒரு வருஷம், அப்புறம் வேறொருவர் கையில். மஹோம்ஸ் மஹோம்ஸாக ஆகியிருப்பாரா? ஆகியிருக்கலாம். அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஃபாக்ஸ் 5-11 முடித்துப் போனார். வந்தவர் மேட் நேகி. ரீடின் சீடர், மஹோம்ஸின் முதல் வருஷத்தில் கான்சஸ் சிட்டியில் தாக்குதல் ஆட்டத்தை ஒருங்கிணைத்தவர். ட்ருபிஸ்கி இரண்டாம் வருஷத்தில் புது மொழி படித்தார். 2018-இல் 12-4. நேகிக்கு அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது. தோற்றால் வெளியே என்ற பிளே ஆஃபில் கோடி பார்க்கி அடித்த 43 யார்டு உதை இடது கம்பத்தில் பட்டு, குறுக்குக் கம்பியில் பட்டுக் கீழே விழ, 15-16. அந்த இரட்டைச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அந்த 12 வெற்றியை வாங்கித் தந்தது பெரும்பாலும் தடுப்பாட்டம். 2020-இல் ட்ருபிஸ்கியின் ஐந்தாம் வருஷ வாய்ப்பை, அதாவது நாலு வருஷ ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டும் உரிமையை, கிளப் எடுத்துக்கொள்ளவில்லை.

2021. இப்போது நேகியின் நாற்காலி ஆடுகிறது, பேஸின் நாற்காலியும்தான். 20-ஆம் இடத்திலிருந்து 11-க்குத் தாவி, அடுத்த வருஷத்து முதல் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்து, ஜஸ்டின் ஃபீல்ட்ஸை எடுத்தார்கள். வேலை போகும் பயத்தில் இருக்கும் இரண்டு பேர், அடுத்தவர் காலத்து விதைநெல்லை எடுத்துச் சமைத்தார்கள். இதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஜெனரல் மேனேஜரின் சொந்தக் கணக்கில் அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை.

அந்த செப்டம்பர் 26, கிளீவ்லாந்தில் ஃபீல்ட்ஸுக்குத் தொடக்க வீரராக முதல் ஆட்டம். அதை முழுசாகப் பார்த்தவன் நான். அசுர வேகத்தில் ஓடக்கூடிய, பந்தோடு பக்கவாட்டில் ஓடி வெளியே போய் வீசக்கூடிய ஒரு பையனை, அசையாமல் நடுவில் நிற்க வைத்து வீசச் சொன்னார்கள். ஒன்பது தடவை சாய்த்தார்கள். வீசியதில் கிடைத்த தூரத்தில் சாக் இழப்பைக் கழித்தால் மிஞ்சியது ஒரு யார்டு. ஒரே ஒரு யார்டு! முழு ஆட்டத்திலும் அணி நகர்ந்தது 47 யார்டு. ஆளைப் பார்த்துத் திட்டம் போடாமல், திட்டத்துக்குள் ஆளைத் திணித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று நான் பார்த்ததில்லை. நேகியும் பேஸும் ஜனவரியில் ஒரே நாளில் போனார்கள்.

புது ஜெனரல் மேனேஜர் ரயன் போல்ஸ் வந்து எபர்ஃப்ளூஸை அமர்த்தினார். ஃபீல்ட்ஸ் அவர்கள் தேர்ந்தெடுத்தவர் இல்லை, முந்தைய குடும்பம் விட்டுப்போன பிள்ளை. 2022-இல் 1,143 யார்டு ஓடி ஊரையே கிறங்கடித்தார். அணியோ 3-14. முதல் டிராஃப்ட் வாய்ப்பு கிடைத்தது. அதை போல்ஸ் கரோலினாவுக்கு விற்றார். பதிலுக்கு டி.ஜே. மூர் என்ற அருமையான ரிசீவரும் (பாஸைப் பிடிப்பவர்), சில வாய்ப்புகளும், கரோலினாவின் 2024 முதல் சுற்று வாய்ப்பும் வந்தன. கரோலினா 2023-இல் 2-15 என்று கவிழ, அந்த வாய்ப்பு மறுபடி முதல் இடமாகவே சிகாகோ மடியில் வந்து விழுந்தது. போல்ஸ் செய்ததிலேயே அழகான வேலை அதுதான்.

ஆக 2024 ஜனவரியில் ஒரு பேர்ஸ் ரசிகன் முன்னால் நாலு வழி. பயிற்சியாளரையும் ஃபீல்ட்ஸையும் வைத்துக்கொள்வது. பயிற்சியாளரை வைத்துக்கொண்டு குவாட்டர்பேக்கை மாற்றுவது. ஃபீல்ட்ஸை வைத்துக்கொண்டு பயிற்சியாளரை மாற்றுவது. இரண்டு பேரையும் மாற்றுவது.

நான் அப்போது மூன்றாவது கட்சி. ஃபீல்ட்ஸின் ஓட்டத்தில் மயங்கியவன். தாக்குதல் ஆட்டம் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்தால் தேறுவார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணக்கு தப்பு. தொடக்க வீரராக 38 ஆட்டத்தில் 10 வெற்றி, 28 தோல்வி. மூன்று வருஷச் சின்னச் சம்பளம் ஏற்கெனவே கரைந்துவிட்டது. முதல் இடத்தில் வில்லியம்ஸ் காத்திருக்கிறார். காசுக் கடிகாரத்தைப் புதுசாகத் தொடங்கும் வாய்ப்பை ஒருத்தரின் ஓட்டத்துக்காக விடமுடியாது. ஃபீல்ட்ஸை அந்த மார்ச்சில் பிட்ஸ்பர்க்குக்கு ஒரு ஆறாம் சுற்று வாய்ப்புக்கு, அதுவும் நிபந்தனையோடு, கொடுத்தார்கள். அந்த விலையே எனக்குப் பதில்.

கிளப் எடுத்தது இரண்டாவது வழி. எபர்ஃப்ளூஸை வைத்துக்கொண்டு, தாக்குதல் ஆட்டத்து ஒருங்கிணைப்பாளரை மட்டும் மாற்றினார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2023-இல் 2-7 என்று கிடந்த அணி கடைசி எட்டில் ஐந்தை வென்றது. மான்டெஸ் ஸ்வெட் வந்த பிறகு தடுப்பாட்டம் கெட்டியானது. வீரர்களுக்கு அவரைப் பிடிக்கும். தவிர, போல்ஸுக்கு ஒரு சங்கடம்: தான் அமர்த்தியவரைத் தானே இரண்டு வருஷத்தில் அனுப்பினால், முதல் முடிவு தப்பு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். மனுஷன் அதை ஒத்திப்போடத்தான் பார்ப்பான். ஒத்திப்போட்ட அந்த ஒரு வருஷம் யாருடைய கணக்கில் எழுதப்பட்டது என்றால், வில்லியம்ஸின் கணக்கில்.

அதே நேரம் வாஷிங்டனில் என்ன நடந்தது என்று பாருங்கள். 4-13 முடித்த அணி. புது உரிமையாளர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜனவரியில் புது ஜெனரல் மேனேஜர் ஆடம் பீட்டர்ஸ், பிப்ரவரியில் புதுப் பயிற்சியாளர் டான் க்வின், ஏப்ரலில் இரண்டாம் இடத்தில் ஜேடன் டேனியல்ஸ். மூன்று பேர் வேலையும் ஒரே வருஷத்தில் தொடங்குகிறது. யார் மீதும் பழைய பாக்கி இல்லை.

அக்டோபர் 27-ஆம் தேதி இந்த இரண்டு அணியும் மோதின. வில்லியம்ஸும் டேனியல்ஸும் நேருக்கு நேர். ஆட்டம் முடிய 25 விநாடி இருக்கும்போது பேர்ஸ் டச் டவுன் போட்டு 15-12 என்று முன்னால் போனது. கடைசி நகர்வுக்கு முந்தைய நகர்வில் ஓரக்கோட்டருகே ஒரு பாஸை வாஷிங்டனுக்குச் சும்மா விட்டுக்கொடுத்தார்கள், 13 யார்டு. அதுதான் டேனியல்ஸ் கை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. கடைசி நகர்வு தொடங்கும்போது பேர்ஸின் டைரீக் ஸ்டீவன்சன் பந்தைப் பார்க்காமல் கேலரியைப் பார்த்துக் கையை ஆட்டிக் கேலி செய்துகொண்டிருந்தார். நினைவு வந்து ஓடிப்போய்க் கூட்டத்துக்குள் எம்பினார். பந்து அவர் கையில் பட்டுத் தெறித்து, பின்னால் தனியாக நின்ற நோவா பிரவுனிடம் விழுந்தது. 18-15. இதே ஆட்டத்தில் கோல் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் பந்தை, குவாட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசையில் நிற்கும் கனத்த வீரர் ஒருவர் கையில் கொடுக்கப் பார்த்து நழுவவிட்டதும் உண்டு. ஒரு வீரரின் விளையாட்டுத்தனம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் கவனம் சிதறுவதும், கடைசி நிமிஷத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதும் பயிற்சியாளரின் கைரேகை. 4-2 என்று இருந்த அணி அந்தத் தோல்வியிலிருந்து வரிசையாகப் பத்து ஆட்டம் தோற்றது.

நடுவில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஷேன் வால்ட்ரனை அனுப்பினார்கள். அந்த இடத்துக்கு வந்த தாமஸ் பிரவுன், எபர்ஃப்ளூஸ் போனதும் தற்காலிகத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். வில்லியம்ஸ் ஒரே சீசனில் 68 தடவை சாய்க்கப்பட்டார். இதில் பாதி தடுப்பு வரிசையின் குற்றம் என்றால், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை அற்புதம் எதிர்பார்க்கும் அவர் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. அணி 5-12. வாஷிங்டன் 12-5, மாநாட்டு இறுதிப்போட்டி வரை, அதாவது சூப்பர் பௌல் என்ற லீக் இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி முன்னால் வரை.

சரி, இரண்டு பேரையும் ஒன்றாக எடுத்தால் எப்போதும் பலிக்குமா? பலிக்காது. சிகாகோவிடம் 2023-இன் முதல் இடத்தை வாங்கிய கரோலினாவே உதாரணம். 2023-இல் புதுப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக், முதல் இடத்தில் பிரைஸ் யங். 1-10 என்றானதும் ரைக்கை அனுப்பிவிட்டார்கள். அதே வருஷம் ஹூஸ்டனில் டிமேகோ ரயன்ஸும் சி.ஜே. ஸ்ட்ரௌடும் ஒன்றாகத் தொடங்கி 10-7 முடித்தார்கள். ஒன்றாகத் தொடங்குவது ஒரு நல்ல அடித்தளம், அவ்வளவுதான். ஆள் சரியில்லை என்றால் அடித்தளம் என்ன செய்யும்?

மறுபக்கம், பயிற்சியாளர் ஒருத்தர் எவ்வளவு மாற்றமுடியும் என்பதற்கு ஜாரட் காஃப்தான் பாடம். 2016-இல் ராம்ஸ் அணி முதல் இடத்தில் எடுத்த குவாட்டர்பேக். அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷரின் கடைசி சீசன் அது. காஃப் தொடங்கிய ஏழு ஆட்டமும் தோல்வி. இவன் தேறமாட்டான் என்று எழுதிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஷான் மெக்வே வந்தார், வயது 30. அதே காஃப், 11-5. அதற்கடுத்த சீசனில் சூப்பர் பௌல். பிறகு மெக்வேக்கு அவர் மேல் நம்பிக்கை போய், 2021-இல் டெட்ராய்ட்டுக்கு மாற்றினார். மறுபடி காஃப் கதை முடிந்தது என்றார்கள். அங்கே 2022-இல் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பேற்ற பென் ஜான்சன் என்பவர் காஃபுக்கு எது கைவரும், எது வராது என்று பார்த்து ஆட்டத்தையே அவர் அளவுக்குத் தைத்தார். 2024-இல் டெட்ராய்ட் 15-2, லீக்கிலேயே அதிகமாக 564 புள்ளி.

அந்த பென் ஜான்சன்தான் தேங்க்ஸ்கிவிங் நாளன்று ஃபோர்டு ஃபீல்டில் எதிர்ப்பக்கம் நின்றவர். முந்தைய ஜனவரியில் வாஷிங்டனும் சியாட்டிலும் கேட்டபோது டெட்ராய்ட்டிலேயே இருக்கிறேன் என்று ஒதுங்கியவர். 2025 ஜனவரி 18 அன்று அதே வாஷிங்டன் பிளே ஆஃபில் டெட்ராய்ட்டை 45-31 என்று வீழ்த்த, இரண்டொரு நாளில் சிகாகோ அவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தது.

தலைமைப் பயிற்சியாளர் தாக்குதல் ஆட்டக்காரராக இருக்கவேண்டுமா, தடுப்பாட்டக்காரராக இருக்கலாமா என்பது ரசிகர்களிடையே தீராத சண்டை. பயிற்சியாளர் பெலிசிக் தடுப்பாட்டக்காரர்தான், குவாட்டர்பேக் பிராடியோடு என்னென்ன சாதித்தார் என்று ஒரு தரப்பு கிளம்பும். க்வின், ரயன்ஸ் இருவரும் தடுப்பாட்டக்காரர்களே. என் பார்வையில் இதில் திறமையைவிட ஆள் தங்குவதுதான் பிரச்சினை. தடுப்பாட்டத் தலைவரிடம் வேலை பார்க்கும் ஒருங்கிணைப்பாளர் குவாட்டர்பேக்கை ஜொலிக்க வைத்தால், அடுத்த ஜனவரியில் வேறோர் அணி அவரைத் தலைவராகக் கொத்திக்கொண்டு போய்விடும். அட்லாண்டாவில் 2016-இல் மேட் ரயனை லீக்கின் மதிப்புமிக்க வீரராக்கிய கைல் ஷானஹன் அடுத்த வருஷமே சான் ஃபிரான்சிஸ்கோவின் தலைமைப் பயிற்சியாளர். ரயனின் காதில் பேசிய குரல் போய்விட்டது. அப்போது அட்லாண்டாவின் தலைவர் யார்? இதே டான் க்வின். காதில் பேசுபவரே தலைவராக இருந்தால் அவரைப் பிறர் தூக்கிப்போக முடியாது. இளம் குவாட்டர்பேக் உள்ள அணிக்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

ஜான்சன் வந்த உடன் செய்த முதல் வேலை வில்லியம்ஸைத் தொடுவது இல்லை, அவருக்கு முன்னால் நிற்கும் ஆட்களை மாற்றுவது. கான்சஸ் சிட்டியிலிருந்து ஜோ தூனி, ராம்ஸிலிருந்து ஜோனா ஜாக்சன், அட்லாண்டாவிலிருந்து சென்டர் ட்ரூ டால்மன். நடுவில் நிற்கும் மூன்று பேரும் புதுசு. இதற்கான காசு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாம். அந்த 4 கோடி டாலர் ஒப்பந்தத்தின் மகிமை.

2025 சீசன் இனிப்பாகத் தொடங்கவில்லை. இரண்டாவது வாரமே அதே ஃபோர்டு ஃபீல்டில் 21-52. நான் டிவியை அணைத்துவிட்டேன். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கே சரியாக விளக்கத் தெரியவில்லை. 11-6, பிரிவில் முதல் இடம். டிசம்பரில் கிரீன் பேயிடம் 6-16 என்று கிடந்து, ஆன்சைட் கிக்கை (பந்தைத் திரும்பப் பெறவே குட்டையாக உதைப்பது) கைப்பற்றி, கூடுதல் நேரத்தில் 22-16. ஜனவரியில் பிளே ஆஃபில் அதே கிரீன் பேயிடம் இடைவேளையில் 3-21, முடிவில் 31-27. பேர்ஸ் பிளே ஆஃப் ஆட்டம் வென்றது 2011 ஜனவரிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. சாக் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. எரிக் கிரேமர் 1995-இல் வைத்த 3,838 யார்டு கிளப் சாதனையை வில்லியம்ஸ் தாண்டினார். 4,000-ஐ மட்டும் இன்னும் எந்த பேர்ஸ் குவாட்டர்பேக்கும் தொடவில்லை.

ஆனால் ஒரு எண் உறுத்துகிறது. சீசனுக்கு முன் ஜான்சன் வைத்த இலக்கு, வீசுவதில் 70 சதவீதம் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது. வில்லியம்ஸ் 60-ஐக்கூட எட்டவில்லை. முதல் வருஷத்தைவிடக் குறைவு. இவ்வளவு வெற்றியும் பெரும்பாலும் கடைசி இரண்டு நிமிஷ வித்தையில் வந்தவை. சாதாரணமான மூன்றாம் டவுனில் (பத்து யார்டு நகர நாலு முயற்சி உண்டு, அதில் மூன்றாவது) சாதாரணமான எட்டு யார்டு பாஸ் இன்னும் தடுமாறுகிறது. மொழியைப் படிப்பதில் முதல் வருஷம் முடிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இவர் எப்போதும் இப்படித்தான், அற்புதத்தை நம்பி ஆடுபவர், அது ஒருநாள் கைவிடும் என்பார்கள். ஜனவரி 18-ஆம் தேதி ராம்ஸோடு நடந்த ஆட்டத்தில் இரண்டு தரப்புக்கும் சான்று இருந்தது. கடைசி நொடிகளில் பின்வாங்கிக்கொண்டே வீசிய ஒரு பந்து கோல் கேமெட்டின் கைக்குப் போய் ஆட்டத்தைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் அவர் வீசிய இன்னொன்றை எதிரணி பிடித்தது. 17-20. எதிரே நின்ற பயிற்சியாளர், ஒரு காலத்தில் காஃபைத் தூக்கிவிட்ட அதே மெக்வே.

2026 சீசன் முடிந்தால் வில்லியம்ஸ் புது ஒப்பந்தம் கேட்கலாம். 2027 மே மாதத்துக்குள் அவருடைய ஐந்தாம் வருஷ வாய்ப்பைப் பற்றி கிளப் முடிவு சொல்லியாக வேண்டும். ட்ருபிஸ்கிக்கு இந்தத் தேதி வந்தபோது வேண்டாம் என்றார்கள். ஃபீல்ட்ஸ் அந்தத் தேதிவரை சிகாகோவிலேயே இல்லை. இந்தத் தடவை அந்த மேஜையில் உட்காரும்போது ஜான்சனும் இருப்பார்; வில்லியம்ஸ் கேட்கப்போகும் விலை வருஷத்துக்கு 6 கோடி டாலரைத் தாண்டியிருக்கும்; அவருக்கு முன்னால் நிற்கும் ஆட்களுக்கு அதற்குப் பிறகு எங்கிருந்து காசு எடுப்பது என்று போல்ஸ் பென்சிலோடு உட்காரவேண்டியிருக்கும்.